மின்சாரக் காரை லீஸில் எடுப்பதா, கடனில் வாங்குவதா?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்பவர் சென்னையில் மென்பொருள் நிறுவன ஊழியர். வீடு மேடவாக்கத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பு, அலுவலகம் சிறுசேரியில். போக வர 35 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு மதுரைக்குக் காரில் போய் வருகிறார். நிலைக்கழிவு போக வரிக்குரிய வருமானம் 30 லட்சம் ரூபாய், புதிய வரி முறை. ஆன்-ரோடு விலை 16 லட்சம் வரும் மின்சாரக் காரை நிறுவனம் 4 ஆண்டு லீஸில், அதாவது நீண்டகால வாடகையில், எடுத்துத் தருவதாகச் சொல்கிறது. காப்பீடு, சர்வீஸ், வரி எல்லாம் சேர்த்து மாதம் 42,000 ரூபாய் சம்பளத்தில் பிடிப்பார்கள். "இது லாபமா, அல்லது பேசாமல் கடன் போட்டு வாங்கிவிடலாமா?" என்று கேட்கிறார்.

உங்கள் வரி அடுக்கில் லீஸ் பொருந்தலாம். ஆனால் அந்த லாபம் காரிலிருந்து வருவதில்லை. அது இரண்டே இடங்களிலிருந்து வருகிறது: ஒன்று வருமான வரி, மற்றொன்று நான்கு ஆண்டு கழித்து அந்தக் கார் என்ன விலைக்குப் போகும் என்ற கவலையை வேறொருவர் தலையில் ஏற்றிவிடுவது. கையெழுத்திடப்போகும் ஒப்பந்தத்தில் இந்த இரண்டும் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நீங்கள் எடுப்பது வட்டி கூடுதலான ஒரு கார் கடன், பெயர் மட்டும் வேறு.

முதலில் வரி. நிறுவனம் தன் பெயரில் வாடகைக்கு எடுத்த காரை ஊழியருக்குக் கொடுத்து, அது அலுவல், சொந்தம் இரண்டுக்கும் பயன்படும்போது, அந்த வசதியின் மதிப்பை வருமான வரி விதிகள் ஒரு நிலையான தொகையாகக் கணக்கிடுகின்றன. 1962ஆம் ஆண்டு விதிகளில் அது 1.6 லிட்டர் வரையிலான எஞ்சினுக்கு மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேல் 2,400 ரூபாய். ஓட்டுநரும் உண்டென்றால் கூடுதலாக 900. இதைத்தான் சம்பளப் பிரிவில் பெர்க்விசிட் என்கிறார்கள். நீங்கள் கட்டும் 42,000 ரூபாய் சம்பளத்திலிருந்து வரிக்கு முன்பே கழிந்துவிடும். வரிக்குரிய வருமானத்தில் அந்த விதிப்படி 1,800 ரூபாய் மட்டும் திரும்பச் சேரும். வீட்டு வாடகைப் படி, 80சி போன்ற சலுகைகள் எல்லாம் புதிய வரி முறையில் போய்விட்ட பிறகும் இது மிஞ்சி நிற்கிறது. லீஸ் நிறுவனங்கள் ஐடி வளாகங்களில் வந்து கடை விரிப்பதற்கு இதுவே காரணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மின்சாரக் காரில் எஞ்சினே கிடையாது. லிட்டர் கணக்கும் கிடையாது. விதி எழுதப்பட்ட காலத்தில் அது யார் மனதிலும் இல்லை. பெரும்பாலான நிறுவனங்கள் குறைந்த தொகையையே எடுத்துக்கொள்கின்றன. மேலும், 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், இந்தத் தொகைகளும் மாறியிருக்கலாம். நடப்பு ஆண்டுக்கு எந்தத் தொகையைப் போடுகிறார்கள் என்று உங்கள் சம்பளப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 1,800 என்பதை 5,000 ஆக்கினாலும் உங்களுக்குக் குறைவது மாதம் ஆயிரம் ரூபாய்தான்.

இனி கணக்கு. ஆண்டு வாடகை 5,04,000. பெர்க்விசிட் 21,600 போக 4,82,400 ரூபாய் உங்கள் வரிக்குரிய வருமானத்திலிருந்து இறங்குகிறது. 30 லட்சத்தில் இருப்பவருக்கு இது முழுவதும் 30 சதவீத அடுக்கில் விழும். வரியின் மேல் வரும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 31.2 சதவீதம். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் வரி மிச்சம். அதாவது 42,000 ரூபாய் வாடகையில் உங்கள் பையிலிருந்து உண்மையில் போவது 29,500 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நான்கு ஆண்டுக்கு 14.1 லட்சம்.

கடன் பக்கம்: முன்பணம் 3 லட்சம், மீதி 13 லட்சம் 9 சதவீத வட்டியில் 4 ஆண்டு என்றால் தவணை 32,350 ரூபாய் அளவு. முன்பணம், தவணை, இரண்டாம் ஆண்டு முதல் காப்பீடு, சர்வீஸ் எல்லாவற்றுக்குமாக நான்கு ஆண்டில் 20.7 லட்சம் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். டயர் செலவு பெரும்பாலும் இரண்டு பக்கமும் உங்களுடையதே. வித்தியாசம் 6.6 லட்சம். ஆனால் கடன் முடிந்தபின் கார் உங்கள் கையில் இருக்கும்; லீஸ் முடிந்தபின் இருக்காது.

ஆகவே எல்லாம் வந்து நிற்பது ஒரே கேள்வியில்: இந்தக் கார் நான்கு ஆண்டு ஓடிய பிறகு 6.6 லட்சத்துக்கு மேல் விற்குமா? விற்கும் என்று நம்பினால் வாங்குங்கள். விற்காது என்று பட்டால் லீஸ். முன்பணம் 3 லட்சம் வைப்பில் கிடந்திருந்தால் ஈட்டியிருக்கும் வட்டியையும் சேர்த்தால், லீஸா வாங்குவதா என்று பிரிக்கும் அந்த 6.6 லட்சக் கோடு 7 லட்சத்தைத் தாண்டும்.

இதே கணக்கை வரிக்குரிய வருமானம் 21 லட்சம் உள்ள உங்கள் சக ஊழியருக்குப் போட்டுப் பாருங்கள். அவருக்கு மிச்சமாவது ஆண்டுக்கு 1.05 லட்சம்தான், கோடு 4.8 லட்சத்துக்கு இறங்கிவிடும். நிறுவனம் வழியாக இல்லாமல், தனிநபராகச் சந்தா முறையில் இதே வாடகைக்கு எடுப்பவருக்கு வரி மிச்சமே இல்லை. அவருடைய கோடு 60,000 ரூபாய்க்கும் கீழே. நான்கு வயதுக் கார் எதுவும் அந்த விலைக்குப் போகாது. எனவே தனிநபர் லீஸை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ஓரிரு ஆண்டில் வெளிநாடு போகப்போகிறவர், ஊர் மாறப்போகிறவர் மட்டும் விதிவிலக்கு.

இடையில் ஒரு எச்சரிக்கை. புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதை வைத்து, வரிக்குரிய வருமானம் 16.5 லட்சம் உள்ளவர்களிடம் "இந்த லீஸை எடுத்தால் உங்கள் வரி பூஜ்ஜியம்" என்று விற்கிறார்கள். கணக்கு சரிதான்: 4.8 லட்சம் இறங்கினால் 12 லட்சத்துக்குக் கீழே வந்துவிடுவார், 1.35 லட்ச ரூபாய் வரி முழுவதும் போய்விடும். ஆனால் அந்த 1.35 லட்சத்துக்காக ஆண்டுக்கு 5 லட்சத்தைக் காருக்குக் கொடுக்கிறார் என்பதை யாரும் சொல்வதில்லை. எட்டு லட்ச ரூபாய்க் கார் போதும் என்று நினைத்திருந்தவரை பதினாறு லட்ச ரூபாய்க் காருக்கு இழுத்துப் போகும் தந்திரம் இது.

மறுவிற்பனை விலைக்கு வருவோம். பெட்ரோல் காரில் இந்தக் கேள்விக்கு ஓரளவு கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லலாம். பழைய கார் சந்தை அத்தனை ஆண்டு பழகியது. மின்சாரக் காருக்கு அப்படி முடியாது. பேட்டரி விலை இறங்கிக்கொண்டு வருகிறது. ஆண்டுதோறும் அதே விலைக்கு இன்னும் பெரிய பேட்டரியோடு புது மாடல் வருகிறது. புதிய கார் மலிவானால் பழையது தானாக விழும். வாங்க வருபவருக்குப் பேட்டரியின் ஆரோக்கியம் பற்றி ஒரு பயம். அது நியாயமோ இல்லையோ, விலையைத் தட்டிப் பேச அவருக்கு உதவும். 6.6 லட்சம் கிடைக்கலாம், 5 லட்சமும் ஆகலாம். இந்த நிச்சயமின்மைதான் மின்சாரக் காரை லீஸில் எடுப்பதற்கான உண்மையான காரணம். பெட்ரோல் காராக இருந்திருந்தால் வரி மிச்சத்தை மீறியும் வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஆனால் கவனம் வேண்டிய இடமும் இதுவே. பல நிறுவன லீஸ்களில் காலம் முடிந்ததும் காரைத் திருப்பித் தரும் உரிமை ஊழியருக்குக் கிடையாது; எஞ்சிய மதிப்பு என்று முன்பே எழுதிய தொகையைக் கொடுத்து அவரே வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தொகை மிகக் குறைவாக இருந்தால் பரவாயில்லை; வாடகையில் காரின் விலை முழுவதையும் ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள். அப்படிப்பட்ட லீஸில் விலை விழும் ஆபத்து உங்களிடமே இருக்கிறது, வரி மிச்சம் மட்டுமே லாபம். உங்கள் ஒப்பந்தத்தில் எஞ்சிய மதிப்பு எவ்வளவு, அதைக் கொடுத்து வாங்குவது கட்டாயமா, விருப்பமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். விருப்பம் என்றால் மிக நல்லது. சந்தை விலை அதைவிட மேலே இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளலாம், கீழே இருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம்.

நீங்களே வாங்கிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் பேட்டரி உத்தரவாதத்தையும் படியுங்கள். மஹிந்திராவும் எம்ஜியும் சில மாடல்களுக்கு வாழ்நாள் பேட்டரி உத்தரவாதம் என்று விளம்பரப்படுத்துகின்றன. அது முதல் உரிமையாளருக்கு மட்டும். இரண்டாம் கைக்குப் போனதும் இத்தனை ஆண்டு, இத்தனை கிலோமீட்டர் என்று சுருங்கிவிடும். லீஸில் முதல் உரிமையாளர் நீங்கள் அல்ல. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது லீஸ் நிறுவனத்தின் பெயர் அல்லது உங்கள் நிறுவனத்தின் பெயர். நான்கு ஆண்டு நீங்களே ஓட்டிய காரை நீங்களே வாங்கினாலும் காகிதத்தில் அது இரண்டாம் கை. விற்பனையாளர் "அதெல்லாம் பிரச்சினை இல்லை சார்" என்பார். மின்னஞ்சலில் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்தது வேலை. மென்பொருள் துறையில் நான்கு ஆண்டு ஒரே இடத்தில் இருப்போம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. வேலையை விட்டால், அல்லது வேலை உங்களை விட்டால், லீஸை முன்கூட்டியே முடிக்க வேண்டும். 42,000இல் காப்பீடு, சர்வீஸ் போக அசலும் வட்டியும் 35,000 அளவு, வட்டி 11 சதவீதம், எஞ்சிய மதிப்பு 4 லட்சம் என்று எடுத்துக்கொண்டால், இரண்டு ஆண்டு முடிவில் பாக்கி 10.6 லட்சம் இருக்கும். அதன் மேல் முடிப்புக் கட்டணம் வேறு. அந்த வாரத்தில் கார் 9 லட்சத்துக்குத்தான் விலை போகும் என்றால் மீதியை நீங்கள் கொடுக்க வேண்டும், அதுவும் சம்பளம் நின்ற மாதத்தில். இறுதிக் கணக்குத் தீர்வில் பிடித்துக்கொள்வார்கள் என்பதால் தப்பிக்கவும் வழியில்லை. கடனில் வாங்கியவருக்கும் தவணை இருக்கும்தான். ஆனால் அவர் கையில் இருக்கும் சேமிப்பிலிருந்து மாதாமாதம் கட்டிக்கொண்டு அடுத்த வேலை தேடலாம். லீஸில் அந்த மூச்சு விடும் இடம் இல்லை. புதிய நிறுவனத்துக்கு லீஸை மாற்றிக்கொள்ளும் வசதி சில ஒப்பந்தங்களில் உண்டு. ஆனால் புதிய நிறுவனமும் அதே லீஸ் நிறுவனத்தோடு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். ஆட்குறைப்பு, மரணம், நிரந்தர ஊனம் ஆகிய நிலைகளில் முடிப்புக் கட்டணம் இல்லை என்ற பிரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஆயிரம் ரூபாய் வாடகை கூடுதலாக இருந்தாலும் அதையே எடுப்பேன்.

கிலோமீட்டர் வரம்பு உங்கள் விஷயத்தில் பெரியது. அலுவலகத்துக்கு மாதம் 770, மதுரைக்குப் போக வர 920, உள்ளூர்ச் சுற்றல் 200 சொச்சம். மாதம் 1,900 என்றால் ஆண்டுக்கு 23,000 கிலோமீட்டரை ஒட்டிப் போகிறது. லீஸ் ஒப்பந்தம் ஆண்டுக்கு 15,000 என்று இருந்தால், நான்கு ஆண்டில் 31,000 கிலோமீட்டருக்கு மேல் தாண்டுவீர்கள். தாண்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 8 ரூபாய் என்று எழுதியிருந்தால் அது இரண்டரை லட்சம். மேலே சொன்ன 6.6 லட்சக் கோடு 4.1 லட்சத்துக்கு வந்துவிடும், லீஸின் நியாயமே போய்விடும். தொடக்கத்திலேயே ஆண்டுக்கு 25,000 என்று கேட்டு வாங்குங்கள். வாடகை கொஞ்சம் ஏறும்; பின்னால் அபராதமாகக் கட்டுவதைவிட அது மலிவாகவே இருக்கும்.

பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுக்கும் முறையைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். எம்ஜி விண்ட்சர் என்ற மின்சாரக் கார் 2024 செப்டம்பரில் வந்தபோது கார் 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் என்று அறிவித்தார்கள். பேட்டரியோடு முழுவிலை 13.50 லட்சம். வித்தியாசத்தை 3.50ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டர். உங்களைப் போல ஓட்டுகிறவர் நான்கரை ஆண்டுக்குள் அதைத் தொட்டுவிடுவார். குறைவாக ஓட்டுகிறவருக்கும் மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டருக்குப் பணம் என்ற நிபந்தனை வரலாம். முன்பணம் குறைவாக இருப்பவருக்கு உதவும் ஏற்பாடு, அவ்வளவுதான், அந்த 3.50க்கு மேல் மின்சாரம் தனி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மின்சாரச் செலவில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டு மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறும். காருக்குப் போகும் யூனிட்டுகள் உங்கள் பில்லின் உச்சியில்தான் போய் உட்காரும். உங்கள் வீட்டில் இப்போது இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஆகிறது என்று வைப்போம். மாதம் 1,250 கிலோமீட்டரை வீட்டில் சார்ஜ் செய்து ஓட்டினால், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் வீதம் இரண்டு மாதத்துக்கு 360 யூனிட் கூடும். 2024 ஜூலையில் நிர்ணயித்த கட்டணப்படி 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8.55, 800 வரை 9.65, அதற்கு மேல் 10.70. போதாததற்கு, 500ஐத் தாண்டியதும் கீழ் அடுக்குகளின் சலுகை விலையும் போய்விடும். எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 3,700 ரூபாய் கூடும். அதாவது யூனிட் ஒன்றுக்குப் பத்து ரூபாய்க்குச் சற்று மேல், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது" என்ற விளம்பரம் ஏசியே போடாத வீட்டுக்குத்தான் பொருந்தும்.

மதுரைப் பயணத்தில் மீதி 650 கிலோமீட்டருக்கு நெடுஞ்சாலை வேகச் சார்ஜர்கள். வரியோடு யூனிட் 22 ரூபாய் என்று கொண்டால் மாதம் 2,200 முதல் 2,400. ஆக மொத்தம் மாதம் 4,200 ரூபாய். இதே 1,900 கிலோமீட்டரை லிட்டருக்கு 15 தரும் பெட்ரோல் காரில் ஓட்டினால், லிட்டர் 101 ரூபாய் கணக்கில் 12,800. மாதம் 8,500 ரூபாய் மிச்சம், சந்தேகமில்லை. ஆனால் இந்த மிச்சம் வாங்கினாலும் கிடைக்கும், லீஸில் எடுத்தாலும் கிடைக்கும். லீஸ் விற்பவர் இதைத் தன் கணக்கில் சேர்த்துக் காட்டினால் அடித்துவிடுங்கள்.

வரி விஷயத்தில் இன்னொன்று. தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் விலையுள்ள பெட்ரோல் காருக்கு 2023 நவம்பர் முதல் சாலை வரி 18 சதவீதம். மின்சாரக் காருக்கு முழு விலக்கு; 2025 டிசம்பர் வரை என்று முதலில் அறிவித்திருந்தார்கள், பதிவு செய்யும் நாளில் என்ன நிலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். லீஸ் நிறுவனம் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கேயே பதிவு செய்து கொண்டுவந்து நிறுத்திவிடுவதும் உண்டு. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் மறுபதிவு செய்ய வேண்டும், அந்த அலைச்சல் உங்களுடையது. தமிழ்நாட்டுப் பதிவு, பச்சைத் தகட்டில் வெள்ளை எழுத்து என்று கொள்முதல் ஆணையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

அடுக்குமாடியில் சார்ஜிங். 15 ஆம்பியர் சாக்கெட் போதும், ஆனால் மெதுவாக ஏறும். 45 கிலோவாட்-மணி பேட்டரி முழுதும் நிரம்ப 15 மணி நேரம் ஆகலாம். தினமும் 35 கிலோமீட்டர்தான் என்பதால் உங்களுக்கு அது பிரச்சினையே இல்லை, இரவில் இரண்டு மணி நேரம் போதும். மதுரைக்குக் கிளம்பும் முந்தைய நாள்தான் நினைவு வைத்துச் செருக வேண்டும். 7.2 கிலோவாட் சுவர்ப்பெட்டி வேண்டுமென்றால் வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்சுமையை உயர்த்த வேண்டியிருக்கும். உங்கள் மீட்டரிலிருந்து வாகன நிறுத்துமிடம் வரை கேபிள் இழுக்கச் சங்கத்தின் அனுமதி வேண்டும். தீ விபத்து பயம், "பொது மின்சாரம் திருடுகிறார்" என்ற பேச்சு, யார் இடத்தின் மேல் கேபிள் போகிறது என்ற தகராறு எல்லாம் வரும். இதைப் பேசி முடிக்க மாதங்கள் ஆகலாம், லீஸோ இரண்டு வாரத்தில் வந்துவிடும். வீட்டில் சார்ஜ் செய்ய முடியாமல் முழுவதும் வெளியே செய்தால் மாதம் 6,400 ரூபாய் ஆகும். பெட்ரோலைவிட அப்போதும் மலிவுதான், ஆனால் வாரத்தில் இரண்டு மாலைகள் சார்ஜர் அருகில் போய்விடும்.

மதுரைச் சாலை ஒன்றும் பயப்பட வேண்டியதில்லை. 460 கிலோமீட்டர், இந்த விலைக் கார்கள் ஏசியோடு, நூறு கிலோமீட்டர் வேகத்தில், ஒரு முழுச் சார்ஜுக்கு நடைமுறையில் 280 கிலோமீட்டர் தரும் என்று நம்பலாம். விழுப்புரத்திலோ உளுந்தூர்பேட்டையிலோ காலை உணவு, திருச்சியில் ஒரு தேநீர் என்று இரண்டு நிறுத்தங்களில் முடிந்துவிடும். சாதாரண நாளில் இது ஒரு மணி நேரக் கூடுதல். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரவில் மட்டும் வேறு கதை: சார்ஜர் ஒன்று, முன்னால் நான்கு கார், ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம். அந்த இரண்டு பயணங்களுக்கு ரயில் டிக்கெட்டை முன்பே எடுத்து வையுங்கள்.

காப்பீட்டைப் பற்றிச் சொல்லாமல் சென்னைக்காரருக்குக் கார் யோசனை சொல்லக்கூடாது. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெற்குப் புறநகர் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அடித்தளத்தில் நின்ற காரில் தண்ணீர் புகுந்து பேட்டரி போய்விட்டால், சரிசெய்யும் செலவு காரின் மதிப்பை நெருங்கும். முழுச்சேதம் என்று அறிவித்துவிடுவார்கள். அப்போது காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் ஐடிவி தொகை, அதாவது பாலிசியில் காருக்கு எழுதியிருக்கும் மதிப்பு, உரிமையாளரான லீஸ் நிறுவனத்துக்குப் போகும். அது லீஸ் பாக்கியைவிடக் குறைவாக இருந்தால் இடைவெளியை ஈடுகட்ட வேண்டியவர் நீங்கள். கார் இல்லை, வரி மிச்சம் இல்லை, கட்ட வேண்டிய பணம் மட்டும் மிச்சம். ரசீது விலையைத் திருப்பித் தரும் கூடுதல் பாதுகாப்பு, பேட்டரிக்கும் சார்ஜருக்குமான பாதுகாப்பு, தேய்மானம் கழிக்காத பாதுகாப்பு மூன்றும் நான்கு ஆண்டும் சேர்ந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். பதினாறு லட்சத்துக்குக் கார் எடுத்துவிட்டுச் சில ஆயிரத்தில் கணக்குப் பார்ப்பது, யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதை.

திருப்பித் தரும் நாளில் கீறல், சக்கர உரசல், டயர் தேய்மானம், சார்ஜிங் கேபிள் என்று ஒரு பட்டியலோடு வருவார்கள். மின்சாரக் கார் எடை கூடியது, கிளம்பும் வேகமும் அதிகம், டயர் சீக்கிரம் தேயும். உங்கள் ஓட்டத்துக்கு நான்கு ஆண்டில் ஒருமுறையேனும் நான்கையும் மாற்ற வேண்டியிருக்கும். பேட்டரி ஆரோக்கியம் இத்தனை சதவீதத்துக்குக் குறைந்தால் அபராதம் என்ற பிரிவு இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது உற்பத்தியாளர் உத்தரவாதத்தின் வேலை.

சொந்தத் தொழில் செய்கிறவர்கள் இந்தப் பதிலைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவர், வணிகர் ஆகியோர் தொழிலுக்கு மின்சாரக் கார் வாங்கினால் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டலாம். சாதாரணக் காருக்கு அது 15 சதவீதம்தான். அவர்களுக்கு வாங்குவதே பெரும்பாலும் மேல். அதேபோல் "மின்சாரக் கார் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் கழிவு உண்டு" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த 80ஈஈபி பிரிவு 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டும். இப்போது வாங்குகிறவருக்கு இல்லை.

உங்கள் இடத்தில் இருந்தால் இந்த லீஸை எடுப்பேன், மூன்று நிபந்தனைகளோடு: காரைத் திருப்பித் தரும் உரிமை, ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர், ஆட்குறைப்பில் முடிப்புக் கட்டணம் இல்லை. மூன்றில் முதலாவது இல்லையென்றால் வாடகையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவேன். மூன்றாவது இல்லையென்றால், முடிப்புத் தொகைக்கும் கார் விலைக்கும் இடையே வரக்கூடிய இரண்டு மூன்று லட்சத்தைத் தொடாத வைப்பாக ஒதுக்கி வைத்தபிறகே கையெழுத்திடுவேன். அடுத்த இரண்டு ஆண்டில் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: லீஸ் உங்கள் கடன் வரலாற்றில் கடனாகத் தெரியாது, ஆனால் சம்பளச் சீட்டில் கைக்கு வரும் தொகை குறைந்து தெரியும், வங்கி பார்ப்பது அதைத்தான். அப்படியென்றால் வீட்டுக் கடன் கைக்கு வந்தபிறகு காரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் குடியிருப்புச் சங்கத்துக் கடிதமும் வந்திருக்கும்.